டேட்டா சென்டர் கட்டப் போகிறீர்களா? கடைசி நாளிலிருந்து திட்டமிடுங்கள்

டேட்டா சென்டர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "சார், எத்தனை ரேக் வருது?" என்றுதான். ரேக் என்பது சர்வர்களை அடுக்கிவைக்கும் இரும்பு அலமாரி. "ஈ.பி. கரண்ட் என்னைக்கு வருது?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பாதிப் பேர் விழிப்பார்கள். ஐ.டி. பார்க், ஆஸ்பத்திரி, மால் என்று கட்டிப் பழகியவர்களுக்குக் கட்டிடம் எழுந்தால் வேலை முடிந்த மாதிரி. இங்கே கட்டிடம் எழுந்த பிறகுதான் உண்மையான பரீட்சை. வெளிக் கரண்டை நாமே வேண்டுமென்று துண்டித்து, உள்ளே ஒரு சர்வர்கூட அணையாது என்று காட்ட வேண்டும். அந்த ஒரு சோதனைதான் முழுத் திட்டத்துக்கும் கெடு தேதி. நான் அட்டவணை போடுவது அந்த நாளில் தொடங்கிப் பின்னோக்கித்தான்.

இன்டர்நெட்டைச் சுமந்துவரும் கடலடி கேபிள்கள் கரையேறும் ஊர் என்பதால் சென்னையில் இந்த வேலை பெருகிக்கொண்டே போகிறது. அம்பத்தூர், சிறுசேரி பக்கம் போனால் ஜன்னலே இல்லாத உயரமான கட்டிடங்களைப் பார்க்கலாம். கணக்கெல்லாம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, சென்னைப் புறநகரில் 10 மெகாவாட் டேட்டா சென்டர் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். நில வேலையிலிருந்து ஒப்படைப்பு வரை சுமார் இரண்டு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கிலோவாட், பிறகு சதுர அடி

10 மெகாவாட் என்றால் சர்வர்கள் மட்டும் இழுக்கும் மின்சாரம். அதைக் குளிர்விக்கவும், யூபிஎஸ் இழப்புக்கும், விளக்குக்கும் தனியாக வேண்டும். கட்டிடம் முழுவதும் இழுக்கும் மின்சாரத்தை சர்வர்கள் இழுப்பதால் வகுத்தால் வருவதைத்தான் பியூஇ என்கிறார்கள். சென்னை வெயிலுக்கும் ஈரப்பதத்துக்கும் 1.5 என்று தொடங்குவது பாதுகாப்பான கணக்கு. ஆக, 15 மெகாவாட்.

இந்த ஓர் எண்ணிலிருந்து மற்றதெல்லாம் கிளைவிடும். சர்வர் இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளிவரும். ஒரு டன் குளிர்ச்சி என்பது 3.517 கிலோவாட். 10,000 கிலோவாட்டை அதால் வகுத்தால் 2,843 டன். யூபிஎஸ் அறை, பேட்டரி அறை, வெளிச்சுவர் சூடு எல்லாம் சேர்த்தால் 3,000 டன்னைத் தாண்டும். ஜென்செட், அதாவது டீசல் ஜெனரேட்டர் பக்கம் வந்தால், ஒன்று 1.8 மெகாவாட் என்று எடுத்தால் ஒன்பது வேண்டும். ஒன்று கெட்டாலும் ஓட இன்னொன்று, ஆக பத்து. டீசல், ஒரு யூனிட்டுக்குக் கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. 15 மெகாவாட்டை 12 மணி நேரம் ஓட்ட 45,000 லிட்டராவது வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் 12 மணி நேரத்தோடு நிற்க மாட்டார்கள். ரோட்டில் தண்ணீர் நின்றால் டேங்கர் லாரி வராது. நான் 48 மணி நேரத்துக்குக் கேட்பேன். அப்படியானால் 1,80,000 லிட்டர். டேங்கை எங்கே புதைப்பது என்ற கேள்வி நிலத்தின் வரைபடத்தையே மாற்றிவிடும். பார்த்தீர்களா, ஒரு ரேக்கைக்கூட இன்னும் வரையவில்லை.

ஒரு ரேக்குக்கு எத்தனை கிலோவாட் என்பதை வாடிக்கையாளரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். 6 கிலோவாட் ரேக் என்று காற்றால் குளிர்விக்கத் திட்டமிட்ட ஹாலில், ஏ.ஐ. வேலைக்காக 40 கிலோவாட் ரேக்கை நிறுத்த முடியாது. அதற்குத் தண்ணீரை ரேக் வரைக்கும் கொண்டுபோக வேண்டும். பைப்பும் பம்பும் மாறும், தரை தாங்க வேண்டிய எடையும் மாறும்.

டியர் 3 என்றால் என்ன என்று எல்லாரும் ஒரே அர்த்தத்தில் பேசட்டும்

"டியர் 3 வேணும்" என்று எல்லாரும் சொல்வார்கள். அப்டைம் இன்ஸ்டிட்யூட் வகுத்த நான்கு படிகளில் மூன்றாவது அது. சாரம் இதுதான்: எந்த இயந்திரத்தையும், எந்த கேபிளையும், எந்த வால்வையும் பராமரிப்புக்காக நிறுத்தினாலும் சர்வர்கள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். டியர் 4 என்றால், எதிர்பாராமல் ஒன்று பழுதானாலும் ஓட வேண்டும். டிஐஏ 942 என்று வேறொரு தரநிலை உண்டு. அதிலும் 1 முதல் 4 வரை உண்டு, ஆனால் அது வேறு அமைப்பின் வேறு அளவுகோல். டெண்டரில் இரண்டையும் கலந்து எழுதி, பிறகு டிசைன் கன்சல்டன்டும் கான்ட்ராக்டரும் ஆளுக்கொரு அர்த்தம் சொல்லிச் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. ஒற்றைக்கோட்டு மின் வரைபடத்தை மேசையில் விரியுங்கள். சிவப்புப் பேனாவால் ஏதாவது ஒரு பெட்டியை அடித்துவிட்டு, "இது இல்லேன்னா சர்வருக்குக் கரண்ட் எந்த வழியா வரும்?" என்று கேளுங்கள். குளிர்நீர் பைப் வரைபடத்திலும் இதே விளையாட்டு. அங்கேதான் பெரும்பாலும் மாட்டும். மின்சாரத்துக்கு ஏ, பி என்று இரண்டு பாதை போட்டவர்கள், தண்ணீருக்கு ஒரே ஹெடரும் (முக்கிய பைப்) நடுவில் ஒரே வால்வும் வைத்திருப்பார்கள். அந்த வால்வே ஒழுகினால் எதை மூடி மாற்றுவது?

நிலம்

மேடான இடம், இரண்டு வேறு திசைகளிலிருந்து வரும் ஃபைபர், 110 கேவி துணைமின் நிலையத்துக்குப் பக்கம். இந்த மூன்றும் இருந்தால் விலை கொஞ்சம் கூடினாலும் வாங்கச் சொல்வேன். விமானப் பாதைக்குக் கீழே என்றால் உயரக் கட்டுப்பாடு வரும். கடலுக்குப் பக்கம் என்றால், தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லரின் காயிலை உப்புக்காற்று அரித்துவிடும், பூச்சு போட்டது கேட்க வேண்டும்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது: நிலத்துக்கு வரும் கடைசி இரண்டு கிலோமீட்டரை நீங்களே நடந்து பாருங்கள். பெரிய டிரான்ஸ்பார்மர் பல அச்சு டிரெய்லரில் வரும். ஒரு சைட்டில் எல்லாம் சரியாக இருந்தது, தெருமுனையில் இருந்த வரவேற்பு வளைவைத் தவிர. டிரெய்லர் அதன் கீழே நுழையவில்லை. மூன்று நாள் ரோட்டோரம் நின்றது, டீக்கடைக்காரருக்கு மட்டும்தான் லாபம்.

கரண்டும் அனுமதிகளும்

15 மெகாவாட் அளவுக்குப் பெரும்பாலும் 110 கேவி இணைப்புதான். விண்ணப்பம், சாத்தியக்கூறு ஆய்வு, மதிப்பீடு, பணம் கட்டுவது, லைன் இழுப்பது என்று ஒவ்வொன்றும் தன் வேகத்தில் போகும். லைன் அடுத்தவர் நிலத்தையோ ரோட்டையோ கடக்கிறதென்றால் இன்னும் நாளாகும். ஆகவே நிலப் பத்திரம் கைக்கு வந்த வாரமே ஈ.பி. விண்ணப்பம் போக வேண்டும். ஆர்க்கிடெக்ட் முகப்பு டிசைன் காட்டும் வரை காத்திருக்காதீர்கள்.

கட்டிட அனுமதி, இடத்தைப் பொறுத்து சிஎம்டிஏ அல்லது டிடிசிபி வழியாக. 20,000 சதுர மீட்டர் கட்டுமானப் பரப்பைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கட்டுவதற்கு ஒரு இசைவு, இயக்குவதற்கு இன்னொன்று. ஜென்செட் புகைபோக்கி உயரமும் சத்தமும் இங்கே பார்க்கப்படும். தீயணைப்புத் துறைச் சான்று தனி. டீசல் டேங்குக்கு வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் உரிமம். கடைசியாக, மின் ஆய்வுத் துறை வந்து பார்த்துச் சான்று கொடுத்தால்தான் உயரழுத்த மின்சாரத்தை உள்ளே விட முடியும். தமிழ்நாடு அரசு 2021-இல் டேட்டா சென்டர்களுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது. சலுகைக் கணக்குப் போடுகிறவர்கள் அதைப் படித்துவிட்டு உட்காருவது நல்லது.

இதில் புதியவர்கள் செய்யும் தவறு, எல்லா அனுமதியையும் "லயசன் ஆள் பாத்துப்பாரு" என்று விட்டுவிடுவது. அவர் பேப்பரைக் கொண்டுபோய்க் கொடுப்பார். பேப்பரில் இருக்கும் டேங்க் அளவும் வரைபடத்தில் இருக்கும் டேங்க் அளவும் ஒன்றா என்று பார்ப்பது உங்கள் வேலை.

வாங்க நாளாகிறவற்றை முதலில் வாங்குங்கள்

ஜென்செட், பவர் டிரான்ஸ்பார்மர், உயரழுத்த ஸ்விட்ச்கியர், சில்லர், யூபிஎஸ். இந்த ஐந்தையும் தனித் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஆர்டர் போட்டுக் கைக்கு வர மாதக்கணக்காகும். உலகமே டேட்டா சென்டர் கட்டும் இந்தக் காலத்தில் பெரிய ஜென்செட்டுக்கு ஒரு வருடம் தாண்டுவதும் உண்டு. டிசைன் நூறு சதவீதம் முடியட்டும் என்று காத்திருந்தால் கட்டிடம் காலியாக நிற்கும்.

அதற்காகக் கண்ணை மூடி ஆர்டர் போடவும் கூடாது. ஆர்டர் போட்ட கையோடு உற்பத்தியாளரிடமிருந்து நான்கு விவரங்களை வாங்குங்கள்: நீள அகல உயரம், ஓடும்போது உள்ள எடை, வெளிவிடும் சூடு, கேபிளும் பைப்பும் எந்தப் பக்கம் நுழையும் என்பது. ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் ஸ்லாப் கணக்குப் போட இவை வேண்டும். சாதாரண ஆபீஸ் தளம் தாங்கும் எடையைப் போல மூன்று மடங்குக்குமேல் டேட்டா ஹாலுக்கு வேண்டியிருக்கும், பேட்டரி அறைக்கு இன்னும் அதிகம்.

பேட்டரி அறை என்றதும் ஒன்று சொல்லிவிட வேண்டும். 2022 அக்டோபர் 15 அன்று தென்கொரியாவின் பாங்யோவில் ஒரு டேட்டா சென்டரின் பேட்டரி அறையில் தீப்பிடித்தது. மெசேஜ் அனுப்ப நாடே பயன்படுத்தும் காக்காவோ டாக் முடங்கி, எல்லாச் சேவைகளும் முழுதாக மீளப் பல நாளானது. 2025 செப்டம்பர் 26 அன்று அதே நாட்டில், டேஜோன் நகர அரசு டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்தபோது தீ. 709 அரசுக் கணினி அமைப்புகள் நின்றன. பேட்டரியும் சர்வரும் ஒரே தளத்தில் இருந்தன. இதைப் படித்த பிறகும் "இடம் பத்தலை, பேட்டரியை ஹால் பக்கத்துலயே வச்சுக்கலாம்" என்று யாராவது சொன்னால், தீத்தடுப்புச் சுவர் எத்தனை மணி நேரத்துக்கு, தீயணைப்பு ஆட்கள் எந்த வழியாக வருவார்கள் என்று இரண்டு கேள்வி கேளுங்கள்.

டிராயிங்குகள் ஒன்றோடொன்று பேச வேண்டும்

உங்கள் நேரத்தில் பாதி இங்கேதான் போகும், போகவும் வேண்டும். ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல், எலக்ட்ரிக்கல், ஏ.சி., தீயணைப்பு, நெட்வொர்க், பாதுகாப்பு என்று ஏழு பேர் ஏழு டிராயிங் போடுவார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஏழும் சரி. ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், 600 மி.மீ. குளிர்நீர் பைப் நேராக பஸ்டக்டுக்கு (கேபிளுக்குப் பதில் மின்சாரத்தைக் கொண்டுபோகும் உலோகப் பெட்டி) மேலே போகும். மின்சாரத்துக்கு மேலே தண்ணீர்! பைப் ஒழுகாது என்று ஏ.சி.காரர் சத்தியம் செய்வார். நம்பாதீர்கள், நகர்த்தச் சொல்லுங்கள்.

முப்பரிமாண மாடல் இருந்தால் மோதல்களை மென்பொருளே காட்டிவிடும். ஆயிரக்கணக்கில் காட்டும், அதுதான் சிக்கல். இரண்டு செ.மீ. உரசும் விளக்கையும் பீமைத் துளைக்கும் பைப்பையும் ஒரே பட்டியலில் போடும். பெரியதை முதலில் முடியுங்கள். யார் இடம் விட வேண்டும் என்பதற்கும் ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள்: சரிவு தேவைப்படும் வடிகால் பைப் அசையாது, அடுத்து பெரிய குளிர்நீர் பைப், பிறகு பஸ்டக்ட், கேபிள் ட்ரே. ஸ்பிரிங்க்ளர் சின்ன பைப்பும் ஃபைபர் ட்ரேயும் வளைந்து கொடுக்கும்.

மாடல் காட்டாத மோதல்களும் உண்டு. ஜென்செட் ரேடியேட்டரிலிருந்து வரும் சூட்டுக்காற்று மாடியில் இருக்கும் சில்லருக்குள் போனால் என்னாகும்? கரண்ட் போன நேரம் பார்த்து சில்லர் திணறும். மதியம் கிழக்கிலிருந்து கடல்காற்று அடிக்கும் ஊரில், ஜென்செட் யார்டை சில்லருக்குக் கிழக்கே வைத்தால் இதுதான் நடக்கும். காற்றோட்ட ஆய்வைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள், செலவு பெரிதில்லை.

ஸ்லாப் போடுவதற்கு முன் ஓட்டைகள் எல்லாம் முடிவாகியிருக்க வேண்டும். நான் இளைஞனாக இருந்தபோது ஒரு சைட்டில், பைப் பாதை கடைசி நேரத்தில் ஓரடி நகர்ந்தது. ஸ்லாப் ஏற்கெனவே போட்டாயிற்று. "கோர் கட்டிங் போட்டுக்கலாம் சார்" என்றார்கள். அது உள்ளே முறுக்குக்கம்பிகளை இழுத்துக் கட்டிய ஸ்லாப். கம்பி எங்கே என்று ஸ்கேன் எடுக்காமல் துளைபோடும் மெஷினை வைத்தார்கள். கம்பி அறுந்த சத்தம் துப்பாக்கி வெடித்த மாதிரி கேட்டது. மேஸ்திரி மெஷினை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். யாருக்கும் அடியில்லை. ஆனால் அந்த இடத்தைப் பலப்படுத்தி, கணக்கை மறுபடி போட்டு, கையெழுத்து வாங்கி வேலை தொடங்க ஆறு வாரம் போனது. அந்த ஓரடி மாற்றத்தை ஏ.சி. கன்சல்டன்ட் மெயிலில் அனுப்பியிருந்தார். மெயில் என் இன்பாக்ஸில்தான் இருந்தது.

யார் எதைச் செய்வது

ஒரு பெரிய அட்டவணை போடுங்கள். இடது ஓரத்தில் ஒவ்வொரு பொருள். மேலே: வாங்குவது, இறக்குவது, நிறுத்துவது, கேபிள் இழுப்பது, கேபிளை முடித்து இணைப்பது, சோதிப்பது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு பெயர். "ஏபிசி மற்றும் எக்ஸ்ஒய்இசட்" என்று இரண்டு பெயர் இருந்தால் யாரும் செய்ய மாட்டார்கள்.

சில்லர் பேனலிலிருந்து கட்டுப்பாட்டு அமைப்புக்குப் போகும் சின்ன சிக்னல் கேபிளைச் சொல்கிறேன். சில்லர்காரர் "என் வேலை என் பேனலோட முடிஞ்சுது" என்பார். கட்டுப்பாட்டு அமைப்புக்காரர் "எலக்ட்ரிக்கல்காரர்தான் கேபிள் போடணும்" என்பார். எலக்ட்ரிக்கல்காரரின் அளவுப் பட்டியலில் அந்த வரியே இருக்காது. சில ஆயிரம் ரூபாய் கேபிள்தான். அதனால் கோடிக்கணக்கான இயந்திரம் சோதனைக்குத் தயாராகாமல் நிற்கும். இந்த எல்லைக்கோடுகளை டெண்டர் போகும் முன்பே முடித்துவிடுங்கள். பிறகு கேட்டால் எல்லாமே எக்ஸ்ட்ரா பில்.

வாரக் கூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுருக்கமாக நடத்துங்கள், எழுதி வையுங்கள், தேதி போடுங்கள்.

சைட்டில் வரிசை

அடித்தளம், தூண், ஸ்லாப் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வித்தியாசம் இரண்டு இடத்தில். பெரிய இயந்திரம் உள்ளே போன பிறகுதான் சில சுவர்களைக் கட்ட வேண்டும், எந்தச் சுவர் என்று முன்பே குறித்துவையுங்கள். அடுத்தது தூசி. யூபிஎஸ் வந்து இறங்கிய அறையில் பிறகு யாரும் சுவர் தேய்க்கக் கூடாது. மழைக்காலத்துக்கு முன் கூரை மூடப்பட வேண்டும், அக்டோபரில் தார்ப்பாய் விரித்துக்கொண்டு ஓடக் கூடாது.

ஐந்து லெவல் சோதனை

சோதனை ஐந்து படியாக நடக்கும். லெவல் 1, தொழிற்சாலையிலேயே இயந்திரத்தை ஓட்டிப் பார்ப்பது. லெவல் 2, சைட்டுக்கு வந்ததும் சரியாக வந்து, சரியாக நிறுத்தப்பட்டதா என்பது. லெவல் 3, முதன்முறை ஓட்டுவது. லெவல் 4, ஒவ்வொரு அமைப்பையும் தனியாக முழுச் சுமையில் ஓட்டுவது. லெவல் 5, எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டிக் கரண்டைப் பிடுங்குவது.

திட்டம் தாமதமானால் எல்லாரும் கைவைக்கும் இடம் இதுதான். "லெவல் 4, 5 ரெண்டையும் சேத்து முடிச்சுடலாம்" என்பார்கள். விடாதீர்கள். இரண்டையும் கலந்தால், ஏதாவது தப்பானபோது காரணம் எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. 10 மெகாவாட்டுக்கு இரண்டு மூன்று மாதமாவது அட்டவணையில் ஒதுக்கிப் பூட்டிவிடுங்கள்.

லெவல் 5 நாளன்று ஹாலில் சர்வர் இருக்காது. அதற்குப் பதில் லோட் பேங்க், அதாவது மின்சாரத்தை வாங்கிச் சூட்டை மட்டும் விடும் பெரிய ஹீட்டர்கள். ஆளுக்கொரு வாக்கி டாக்கி. ஸ்விட்ச்கியர் அறையில் ஈ.பி. பிரேக்கரைத் திறப்பார்கள். சில்லர்களின் இரைச்சல் படக்கென்று அடங்கும். பேட்டரியில் ஓடும் யூபிஎஸ் ஃபேன் மட்டும் கேட்கும். எல்லாரும் கடிகாரத்தைப் பார்ப்போம். பத்துப் பதினைந்து வினாடிக்குள் யார்டிலிருந்து முதல் ஜென்செட்டின் உறுமல் வந்துவிட வேண்டும், பிறகு ஒவ்வொன்றாக.

ஒரு சைட்டில் இந்தச் சோதனையன்று பத்து ஜென்செட்டும் கிளம்பின. நான்காவது நிமிடத்தில் ஏழாம் நம்பர் இருமி நின்றது. மற்ற ஒன்பதும் சுமையைத் தாங்கிக்கொண்டன, ஆனாலும் சோதனை தோல்விதான். போய்ப் பார்த்தால் டே டேங்க், அதாவது ஜென்செட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன டீசல் டேங்கின் வால்வு மூடியிருந்தது. இரண்டு நாளைக்கு முன் பைப்புக்குப் பெயிண்ட் அடித்தவர் மூடியிருக்கிறார். பைப்பில் மிச்சமிருந்த டீசல் நான்கு நிமிடத்துக்குத்தான் வந்தது. அதிலிருந்து சோதனைக்கு முந்தைய மாலை ஒவ்வொரு வால்வையும் ஆள் போய்ப் பார்த்து, டேக் கட்டி, ஃபோட்டோ எடுக்கும் வழக்கம் எங்களிடம் வந்தது.

புதியவர்கள் இந்தச் சோதனையில் தெர்மாமீட்டரைக் கவனிக்க மறந்துவிடுவார்கள். ஜென்செட் வினாடிகளில் வந்துவிடும். சில்லர் மறுபடி கிளம்பிக் குளிர்ச்சி தர நிமிடங்கள் ஆகும். அதற்குள் ஹால் கொதிக்கத் தொடங்கும். சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது ஆஷ்ரே அமைப்பின் பரிந்துரை. அந்த இடைவெளியைச் சமாளிக்கக் குளிர்நீரைச் சேமித்துவைக்கும் டேங்க் வேண்டும். அந்த நீரைத் தள்ளும் பம்பும், ஹாலில் இருக்கும் ஏ.சி. ஃபேனும் யூபிஎஸ் கரண்டில் ஓட வேண்டும். இது மூன்று டிராயிங்குகளில் சிதறிக் கிடக்கும் விஷயம். டிசைன் கட்டத்தில் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை என்றால் லெவல் 5 அன்றுதான் தெரியவரும், அன்றைக்குத் தெரிந்து பயனில்லை.

ஒப்படைப்பு

கட்டிடத்தை இயக்கப்போகும் குழுவை ஒப்படைப்பு நாளில் கூப்பிடாதீர்கள், லெவல் 3-லிருந்து கூடவே வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கரை அவர்கள் கையாலேயே திறக்க வைத்தால் பிறகு ராத்திரி இரண்டு மணிக்கு உங்களுக்கு ஃபோன் வராது. சைட்டில் உண்மையில் போட்டபடி திருத்திய டிராயிங்குகள், ஒவ்வொரு பேனல் கதவிலும் ஒட்டிய பெயர், உதிரிபாகங்கள், சாவிகள். ஹாலின் உயர்த்திய தரைக்குக் கீழே ஒரு ஆள் டார்ச் அடித்துக்கொண்டு ஊர்ந்து போய்த் துடைக்கட்டும். சிமென்ட் தூசி, ஒயர் துண்டு, ஒரு முறை பாதி சாப்பிட்ட பரோட்டாப் பொட்டலம்கூடக் கிடைத்தது.

அப்புறம் ஒரு டேப் எடுத்துக்கொண்டு, லாரி இறங்கும் இடத்திலிருந்து ஹால் வரைக்கும் உள்ள எல்லாக் கதவையும் லிஃப்டையும் அளந்து பாருங்கள். 48 யூ (ரேக் உயரத்தின் அலகு) ரேக் பலகையோடும் பேக்கிங்கோடும் 2.4 மீட்டரைத் தாண்டி நிற்கும். கதவு 2.1 மீட்டர் என்றால் அதை இன்றைக்கே தெரிந்துகொள்வது நல்லது.